வாய்க்கு எட்டாத சோறு

2023ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்து அடைமழை நாளொன்றில் எமது பெரியம்மா கிணற்றடியிலே வழுக்கி விழுந்து இடது தொடையெலும்பை முறித்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது எழுபத்தாறு. கணவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஒரே மகன் றொறன்ரோ நகரத்துக் களஞ்சியசாலை ஒன்றில் இரவு வேலை செய்கிறான். ஆகவே ஓட்டோ பிடித்ததும், படிவங்களிலே கையொப்பமிட்டதும், அரசாங்க வைத்தியசாலை ஒன்றின் பெண்கள் விடுதிக்கு இருபத்து மூன்று நாட்கள் நடந்ததும் நாமே.

பாடசாலைக்குப் போகும் வழியில், காலையிலே, சாப்பாட்டுக் கரியரை வாயிற்காவலரிடம் ஒப்படைப்போம். மாலைப் பார்வை நேரத்தில் உள்ளே போய் வெறுங் கரியரைத் திரும்பப் பெறுவோம். நண்பகலிலும் ஒரு மணிநேரம் பார்வைக்கு விடுவார்கள். ஆனால் அவ்வேளையில் நாம் வகுப்பறையிலே நிற்பவர்கள். மாலையில் கட்டிலருகே நின்று நாம் கேட்கும் முதற் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"பெரியம்மா, சாப்பிட்டனீங்களோ?"

"ஓம் தம்பி, சாப்பிட்டனான். வயிறு நிறைஞ்சு கிடக்கு."

கரியரும் வெறுமையாகவே இருந்தது. முருங்கைக்காய்க் குழம்பு, மீன் பொரியல், குத்தரிசிச் சோறு ஆகியன நாள்தோறும் போய் நாள்தோறும் தீர்ந்துகொண்டிருந்தன. வைத்தியசாலைச் சாப்பாடு வேறு மூன்று வேளையும் கிடைத்தது. நோயாளி நன்றாகச் சாப்பிடுகிறார் என்று றொறன்ரோவுக்குத் தொலைபேசியிலே சொன்னோம். அயலவர்களுக்கும் சொன்னோம். சற்றுப் பெருமையோடுதான் சொன்னோம் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஒன்பதாம் நாள் சனிக்கிழமை. அன்றுதான் முதன்முறையாக நண்பகலிலே விடுதிக்குச் சென்றோம். பார்வை நேரம் தொடங்குவதற்குச் சிறிது முன்னதாகவே உள்ளே விட்டுவிட்டார்கள். சாப்பாட்டு வண்டில் வந்து கட்டில்களுக்கிடையே தட்டுக்களை வைத்துக்கொண்டு போயிற்று. சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி, ஒரு துண்டு மீன். குறை சொல்லக்கூடிய சாப்பாடு அன்று. பெரியம்மாவின் தட்டைத் தலைமாட்டிலிருந்த சிறு அலுமாரியின்மேல் வைத்தார்கள். அவரோ காலிலே பாரம் கட்டித் தொங்கவிடப்பட்ட நிலையில் மல்லாந்து படுத்திருந்தார். புரள முடியாது, எழுந்திருக்க முடியாது. தட்டு அவருடைய தலைக்குப் பின்னால் ஒரு முழ தூரத்திலே இருந்தது. அவர் அதைத் திரும்பிப் பார்க்கவுமில்லை.

எமது கரியர் எங்கே என்று தேடினோம். அடுத்த கட்டிலின் அருகே நிலத்திலே அமர்ந்து ஒரு பெண் அதைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எம்மைக் கண்டதும் திடுக்கிட்டு எழுந்துவிட்டாள். பதினைந்தாங் கட்டிலில் கிடந்த தாய்க்கு இரவும் பகலும் துணை நிற்பவள் அவள். மீன் வாடியிலே நாட்கூலி வேலை. தாயோடு நிற்பதனால் அந்தக் கூலியும் இல்லை. வைத்தியசாலைச் சாப்பாடு நோயாளிக்கு மாத்திரமே. துணைக்கு நிற்பவருக்கு இல்லை. பெரியம்மாதான் கரியரை அவளுக்குக் கொடுத்து வந்திருக்கிறார்.

"அவள் பாவம் தம்பி. எனக்கு உது சப்பேலாது."

அப்போதுதான் எமக்கு நினைவு வந்தது. அனுமதித்த இரண்டாம் நாளே சத்திரசிகிச்சை நடைபெறும் என்று சொல்லி, பெரியம்மாவின் பொய்ப்பற்களைக் கழற்றி எம்மிடம் தந்திருந்தார்கள். கைக்குட்டையிலே சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோய் அலுமாரியினுள் பத்திரமாக வைத்திருந்தோம். சத்திரசிகிச்சை தள்ளிப்போயிற்று; பின்னரும் ஒருமுறை தள்ளிப்போயிற்று. அந்த இரண்டு நாட்களும் நள்ளிரவு தொடங்கி மறுநாள் பிற்பகல்வரை வெறும் வயிற்றோடு வைத்திருந்திருக்கிறார்கள். (சத்திரசிகிச்சைக்கு ஆறு மணிநேரம் முன்புவரை திண்மையான உணவும், இரண்டு மணிநேரம் முன்புவரை தெளிந்த நீரும் கொடுக்கலாம் என்பது இன்றைய மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட விதி. ஆனால் நள்ளிரவு என்பது எழுதுவதற்கு எளிதான சொல்.) பற்கள் மட்டும் எமது வீட்டு அலுமாரியிலேயே கிடந்தன. நாமோ ஒன்பது நாட்களாகப் பல்லில்லாத ஒருவருக்கு முருங்கைக்காய் அனுப்பிக்கொண்டிருந்தோம்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம்.

"பல்லில்லாமல் ஆக்களுக்கு முன்னாலை எப்பிடித் தம்பி வாயைத் திறக்கிறது? அந்தப் பிள்ளையளுக்கும் ஓடித்திரிய நேரம் காணாது. நான் ஏன் கரைச்சல் குடுப்பான்?"

'அந்தப் பிள்ளைகள்' என்று அவர் குறிப்பிட்டது தாதியரை. அவர்களைப் பற்றிக் குறைகூறுதல் எமது நோக்கமன்று. அந்த நீண்ட விடுதிக்கு அன்று பகல் இருவர் நின்றனர். மருந்து கொடுத்தல், ஊசி போடுதல், சேலைன் மாற்றுதல், காயங் கட்டுதல், கொப்பிகளில் எழுதுதல் அனைத்தும் அவர்கள் தலையிலேயே. 2022ஆம் ஆண்டு நெருக்கடியின் பின்னர் இந்நாட்டின் மருத்துவர்களும் தாதியரும் எத்தனை பேர் விமானம் ஏறினார்கள் என்பதை வாசகர் அறிவர். எஞ்சியவர்கள் இரட்டை வேலை செய்கிறார்கள். ஒரு நேர மாத்திரை தவறினால் கொப்பியிலே வெற்றிடம் தெரியும், யாராவது கேட்பார்கள். ஒரு நேரச் சோறு தவறினால் எந்தக் கொப்பியிலும் வெற்றிடம் தெரியாது. தட்டு வந்தது, தட்டு போயிற்று. இடையில் என்ன நடந்தது என்பதைப் பார்ப்பது எவருடைய கடமையாகவும் எழுதப்பட்டிருக்கவில்லை. அன்று அரைமணிநேரங் கழித்து வந்த சிற்றூழியர், "என்னம்மா, இண்டைக்கும் வேண்டாமோ?" என்று அன்பாகவே கேட்டுத் தட்டை எடுக்கக் கை நீட்டினார். 'இண்டைக்கும்' என்ற அந்தச் சொல்லை நாம் மறக்கவில்லை.

அந்தக் கிழமைதான் உயர்தர வகுப்பிலே புறநானூற்றைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தோம். சிறுகுடி என்னும் ஊரிலே வாழ்ந்த பண்ணன் என்பவனைச் சோழ மன்னன் ஒருவன், பசி என்னும் நோய்க்கு வைத்தியன் என்று புகழ்ந்து பாடிய பாட்டு அது. உருவகம் என்று கரும்பலகையில் எழுதி அடிக்கோடும் இட்டோம். பசியை நோய் என்பதிலே உருவகம் எதுவும் இல்லை என்று விடுதியிலே நின்றபோது தோன்றியது. மறுநாட் பாடத்திலே அதைத் திருத்தினோமா என்றால், இல்லை. பரீட்சையிலே உருவகம் என்று எழுதினாற்றான் புள்ளி கிடைக்கும்.

பின்னர் சில காலம் இதுபற்றி வாசித்தோம். எமக்குப் புரிந்த அளவில் சொல்வோமாயின் விடயம் இதுதான். நோயுற்ற உடல் சும்மா கிடக்கும் உடலன்று. முறிந்த எலும்பை ஒட்டவும், காயத்தை மூடவும், கிருமியை எதிர்க்கவும் அதற்குப் புரதம் வேண்டும். உணவிலிருந்து வராவிட்டால் தன் தசையையே கரைத்து எடுத்துக்கொள்ளும். முதியோரிடத்தில் அந்தச் சேமிப்பு ஏற்கெனவே குறைவு. அமெரிக்காவிலே உடல் நலமுள்ள முதியோரைப் பத்து நாட்கள் படுக்கையிலே கிடக்கவைத்துச் செய்த ஆய்வொன்றின் முடிவு 2007இல் வெளியாயிற்று. ஒழுங்காக உணவு கொடுக்கப்பட்டும், அவர்களுடைய கால்களிலிருந்து மாத்திரம் ஏறக்குறைய ஒரு கிலோ தசை குறைந்திருந்தது. நோயற்றவர்களுக்கே இந்த நிலை என்றால், எலும்பு முறிந்து, பற்களை இழந்து, தட்டு எட்டாமல் கிடப்பவருக்கு என்ன ஆகும்?

நோயுற்ற முதியவருக்கு உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும் என்பது மருத்துவர்களின் கணக்கு. விழுவதற்குச் சில மாதங்களுக்கு முன், கிளினிக் கொப்பியின்படி, பெரியம்மாவின் நிறை 43 கிலோ. அவருக்கு 50 முதல் 65 கிராம் வரை வேண்டும். ஒரு முட்டையிலே ஏறக்குறைய 6 கிராம் உண்டு. அந்த ஒன்பது நாட்களும் அவர் உட்கொண்டது, எம்மால் விசாரித்து அறிய முடிந்தவரை, பால் தேத்தண்ணீரும், அதிலே நனைத்த விசுக்கோத்தும், இரவிலே யாராவது கையிலே கொடுத்தால் குழம்பிலே தோய்த்த சிறிது பாணும். பதினைந்து கிராமைத் தாண்டியிருக்குமோ என்பது ஐயமே.

இது எங்கள் ஊரின் தனிக்கதையன்று. கிரிமிய யுத்தகாலத்து மருத்துவமனைகளைக் கண்ட புளோரன்ஸ் நைற்றிங்கேல், உணவு இல்லாமையால் அன்று, அதை நோயாளி உண்ணும் வழியைக் கவனியாமையால் மக்கள் பட்டினி கிடப்பதை 1859ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார். ஸ்கொத்லாந்தின் டண்டி நகரத்து மருத்துவமனையிலே அனுமதிக்கப்பட்ட 500 நோயாளரை ஆராய்ந்த இருவர், 1994இல் தம் முடிவை வெளியிட்டனர். அனுமதிக்கப்படும்போதே நூற்றுக்கு நாற்பது பேர் போசாக்குக் குன்றியிருந்தனர். அவர்களுள் அரைவாசிப்பேருக்குக்கூட உணவு பற்றிய எந்தக் குறிப்பும் அவர்களுடைய பதிவேடுகளில் இருக்கவில்லை. பிரித்தானியாவின் ஸ்ரபோட்ஷயர் பகுதி மருத்துவமனை ஒன்றில் 2005 முதல் 2009 வரை நிகழ்ந்த சீர்கேடுகள் பற்றிய விசாரணை அறிக்கை 2013இல் வெளியானபோது, அதிலே சொல்லப்பட்ட குற்றங்களுள் ஒன்று என்ன? உணவும் நீரும் நோயாளரின் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கப்பட்டிருந்தன என்பதே. அதை வாசித்தபோது பெரியம்மாவின் தலைமாட்டு அலுமாரி எம் கண்முன் வந்து நின்றது.

இவற்றையெல்லாம் எமது பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிக்கும் தோழர் ஒருவரிடம் சொன்னோம். இடதுசாரி இயக்கத்திலே நீண்டகால ஈடுபாடுடையவர். அவர் முகம் சுளித்தார்.

"மாஸ்ரர், இதை எழுதாதையுங்கோ. அரசாங்க ஆஸ்பத்திரியிலை சாப்பாடில்லை எண்டு நீங்கள் எழுத, அதைக் காட்டித் தனியார்காரன் தன்ரை கடையை விரிப்பான். இலவச வைத்தியத்தை எடுத்துப்போட எத்தினைபேர் காத்துக்கொண்டிருக்கிறாங்கள் தெரியுமோ?"

அவருடைய அச்சம் பொருளற்றதன்று. இலவசக் கல்வியையும் இலவச மருத்துவத்தையும் வீண்செலவு என்று கணக்குப் பார்ப்போர் எந்தக் காலத்திலும் உண்டு. நெருக்கடிக் காலத்தில் அவர்களுடைய குரல் உயரும். பெரியம்மாவின் காலிலே உலோகம் வைத்துப் பொருத்திய சத்திரசிகிச்சைக்கு எம்மிடம் ஒரு சதமும் கேட்கவில்லை என்பதையும் நாம் அறிவோம். ஆயினும் பல நாட்கள் சிந்தித்தபின் தோழருடன் உடன்பட முடியவில்லை.

அவருக்கு இடதுசாரி இயக்கத்தின் கதையையே நினைவூட்டினோம். 1934ஆம் ஆண்டு வறட்சியைத் தொடர்ந்து மலேரியாக் கொள்ளைநோய் பரவி, இலங்கையில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோயிற்று. அப்போது கிராமங்களுக்குச் சென்ற சூரியமல் இயக்கத் தொண்டர்கள், கொயினாவை மாத்திரம் கொடுத்துப் பயனில்லை, மக்களைக் கொல்வதிலே பசிக்கும் பங்குண்டு என்று கண்டுகொண்டார்கள். மார்மைற்றை உருண்டைகளாக உருட்டி நோயாளருக்குக் கொடுத்தார்கள். அந்தத் தொண்டர்களிலிருந்தே 1935இன் இறுதியில் இந்நாட்டின் முதலாவது இடதுசாரிக் கட்சி தோன்றியது. நோய் என்று எழுதப்பட்டிருந்த இடத்திலே பசி என்று வாசிக்கக் கற்றவர்கள் அவர்கள். அதை அவர்கள் ஒளித்திருந்தால் யாருக்கு நன்மை விளைந்திருக்கும்?

அன்றியும், ஊட்டுகிற வேலையை இன்று இலவசமாகச் செய்துகொண்டிருப்பவர் யார் என்று பார்க்க வேண்டும். மீன் வாடிக் கூலியை இழந்து தாயின் கட்டிலடியில் நிலத்திலே படுக்கும் மகள் செய்கிறாள். ஆடைத் தொழிற்சாலையில் விடுப்புக் கிடையாமல் வேலையையே விட்டு வந்த மருமகள் செய்கிறாள். அரசாங்கத்தின் எந்தச் செலவுக் கணக்கிலும் அவர்கள் இல்லை. பெண் உறவினர் உள்ள நோயாளி உண்கிறார்; இல்லாதவர் காய்கிறார். எங்கள் வடபகுதிக் கிராமங்களிலே பிள்ளைகள் எல்லாரும் கடல் கடந்துவிட, பெரிய கல்வீடுகளில் தனியே இருக்கும் கிழவர்களும் கிழவிகளும் எத்தனை பேர்! வங்கிக்கு மாதந்தோறும் பணம் வருகிறது. றொறன்ரோவில் இருக்கும் எமது தம்பி எவ்வளவு பணம் வேண்டுமானாலும் அனுப்பச் சித்தமாயிருந்தான். நண்பகல் பன்னிரண்டு மணிக்குப் பிசைந்த சோற்றை வாயருகே கொண்டுபோகும் கை மாத்திரமே வேண்டியிருந்தது.

பத்தாம் நாள் பெரியம்மாவின் பற்களைக் கொண்டுபோனோம். ஈறு வற்றியிருந்ததால் அவை தளர்ந்து ஆடின. பின்னர் பாடசாலையிலே ஒரு கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு நண்பகலிலும் போகத் தொடங்கினோம். முட்டையை மசித்து, சொதியிலே இடியப்பத்தைக் கரைய விட்டு, உழுந்தங்கஞ்சி காய்ச்சி, சிறிது சிறிதாக ஊட்டினோம். அப்போதுதான் பதினேழாங் கட்டிலையும் கவனித்தோம்.

பதினேழாங் கட்டிலாச்சி என்றே விடுதியிலே எல்லாரும் அவரை அழைத்தனர். எண்பதைத் தாண்டியவர். தோட்டங்களிலே வெங்காயம் பிடுங்கியும் புகையிலைக்குத் தண்ணீர் கட்டியும் வாழ்ந்த உடம்பு. நெஞ்சுச் சளியோடு கொண்டுவந்து விட்டவர்கள் பின்னர் வரவில்லை. வர முடியாதவர்களாகவும் இருக்கலாம், நாம் அறியோம். அவருடைய பசி விடுதியிலே தொடங்கியதன்று. 2022 புரட்டாதியிலே கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவு விலைகள் ஓராண்டுக்கு முன் இருந்ததைவிட நூற்றுக்கு 94.9 வீதம் ஏறியிருந்தன. அந்த நாட்களிலே வீட்டில் ஒருவர் தம் பங்கைக் குறைத்திருப்பாராயின், அது யாராயிருக்கும்? "எனக்குப் பசிக்கேல்லை" என்று முதலிலே சொல்வது எந்த வீட்டிலும் ஆச்சிதான். பசியின்மை கிழவர்களின் இயல்பு என்று நாமும் நம்பிவிடுகிறோம்.

நாம் ஊட்டியபோது ஆச்சி மூன்று கரண்டி கஞ்சி குடித்தார். மறுநாள் ஐந்து. மூன்றாம் நாள், "தம்பி, உங்கடை பள்ளிக்கூடத்திலை பிள்ளையளுக்கு மத்தியானம் சாப்பாடு குடுக்கிறவையோ?" என்று கேட்டார். கீழ்வகுப்புக்களுக்குக் கொடுக்கிறார்கள் என்றோம். "அது நல்லது" என்றார். நான்காம் நாள் காலை நாம் போனபோது அந்தக் கட்டிலிலே வேறொருவர் படுத்திருந்தார்.

நியூமோனியா என்று சொன்னார்கள். அது பொய்யன்று. பசித்துக் கிடந்த உடலிலே நெஞ்சுச் சளி எளிதாகக் குடியேறும் என்பதும் பொய்யன்று. ஆனால் மரணப் பத்திரத்திலே இரண்டாவதை எழுதுவதற்கு எவருக்கும் ஆதாரம் இல்லை. ஏனெனில் ஆச்சியை யாரும் நிறுத்திருக்கவில்லை. விடுதியின் மூலையிலே நிறுக்கும் கருவி ஒன்று, அதன்மேல் பழைய கோப்புக்கள் அடுக்கப்பட்டு, நின்றுகொண்டிருந்தது.

இந்த நாட்டிலே குழந்தை பிறந்த நாளிலிருந்து நிறுக்கிறோம். குடும்பநல உத்தியோகத்தர் வளர்ச்சி அட்டையிலே புள்ளி வைத்துக் கோடு இழுக்கிறார். எழுத்தறியாத தாய்கூட அந்தக் கோடு கீழே சரிந்தால் பதைக்கிறாள். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் நிறை குறைந்த குழந்தைகளுக்கும் 1973 முதல் திரிபோஷா வழங்கப்பட்டு வருகிறது. பாடசாலையிலே மாணவரை நிறுத்துப் பதிவேட்டில் எழுதுகிறோம். எமது வகுப்பின் பதிவேட்டை நாமே எழுதுகிறோம். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்போதே அறுபது வயதுக்கு மேற்பட்டோர் நூற்றுக்குப் பன்னிரண்டுக்கு மேல். அவர்களுக்கு அப்படி ஒரு கோடு யாரும் இழுப்பதில்லை.

செய்ய முடியாத காரியம் எதுவும் இதில் இல்லை. அனுமதிக்கும்போது நிறுத்தல், நிற்க முடியாதவருக்கு மேற்கையின் சுற்றளவை நாடாவினால் அளத்தல், அண்மையில் மெலிந்தாரா, உணவு இறங்குகிறதா, பல் உண்டா என்று கேட்டு எழுதுதல். பிரித்தானிய மருத்துவமனைகள் பலவற்றிலே ஊட்டிவிட வேண்டியவர்களுக்குச் சிவப்புத் தட்டிலே உணவு வைக்கிறார்கள். தட்டைக் கண்டவுடன் எவருக்கும் விளங்கும். சுவிற்சர்லாந்தின் எட்டு மருத்துவமனைகளிலே 2,000க்கு மேற்பட்ட நோயாளரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2019இல் வெளியாயிற்று. போசாக்குக் குன்றும் நிலையில் இருந்தவர்களுள், ஒவ்வொருவருக்கும் ஏற்ற உணவைத் திட்டமிட்டுக் கொடுத்த பகுதியினரில் முப்பது நாட்களுள் நூற்றுக்கு ஏழு பேர் இறந்தனர். வழமையான உணவோடு விடப்பட்டவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேர். புதிய மருந்து ஒன்று நூற்றுக்கு மூன்று உயிரைக் காக்குமாயின் அதற்கு என்ன விலை கேட்பார்கள் என்பதைத் தோழரிடம் கேட்டோம். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், "எழுதுங்கோ. ஆனால் ஊட்டுறதுக்குச் சம்பளத்துக்கு ஆள் போடவேணும் எண்டும் எழுதுங்கோ. தொண்டு எண்டு பிள்ளையளை அனுப்பி முடிக்கிற அலுவலில்லை இது" என்றார். அதை அப்படியே எழுதிவிட்டோம். விழுங்கத் தடுமாறும் நோயாளிக்குப் பழக்கமில்லாதவர் ஊட்டினால் புரையேறி ஆபத்தாகும் என்பதையும் அவரே எமக்குச் சொன்னார்.

பெரியம்மா மார்கழியிலே வீடு திரும்பினார். பாடசாலை நிறுக்கும் கருவியை அதிபரிடம் கேட்டு இரவல் வாங்கி வந்து, இருபுறமும் தாங்கிப் பிடித்து அவரை அதன்மேல் நிறுத்தினோம். முள் 36½இலே நின்றது. கிளினிக் கொப்பியிலிருந்த 43இன் கீழே அதை எழுதினோம். தை முடிவிலே 38. பங்குனியிலே ஒரு கைத்தடியோடு தாமாகவே ஏறி நின்றார்; 39½. புதிய பற்களும் கட்டியாயிற்று.

அன்று கருவியிலிருந்து இறங்கும்போது எமது தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"தம்பி, பதினேழாங் கட்டிலாச்சியையும் உப்பிடி நிறுத்தவையோ?"

நாம் கொப்பியிலே திகதியை எழுதிக்கொண்டிருந்தோம்.